சும்மா ஒரு உதவிக்கு

மாதக் கடைசியில் சரவணைச் சந்திக் கடையில் வாழைப்பழம் கிடைக்காது. ஊருக்குப் புதியவர்கள் கோயில் திருவிழாவோ, செத்தவர் ஆருக்கும் அந்தியேட்டிச் சடங்கோ என்று விசாரிப்பார்கள். இரண்டும் இல்லை. அன்றைக்குக் கோசலா சம்பளம் கொடுக்கிற நாள்.

கோசலாவின் வீட்டுப் பின்வளவில் ஒரு நீளக் கொட்டில் இருக்கிறது. அதற்குள் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்து பனையோலையிலும் பனைநாரிலும் வீட்டுச் சாமான் செய்கிறார்கள். விளக்குக்கு மேல் கவிழ்க்கிற கூடு, நிலத்தில் விரிக்கிற தடித்த பாய், கரம்பொன் ஊர்த் தச்சன் யாக்கோப்பு கடைந்து அனுப்புகிற கால்களில் நார் பின்னிய முக்காலி, இடுப்பளவு உயரத்தில் மூடி போட்ட பெரிய பெட்டி. இந்தக் கடைசிச் சாமான், வாங்குகிற வெள்ளைக்காரர் ஊத்தை உடுப்புப் போடுவதற்காம். அதைக் கேள்விப்பட்ட அன்று கொட்டிலில் வேலை கொஞ்ச நேரம் நின்றுபோனது. தங்கள் கலியாணக் கூறைச் சீலைகளைக்கூட அவ்வளவு வடிவான பெட்டியில் வைத்திராத பெண்கள், வெள்ளைக்காரரின் ஊத்தைக்குக் கிடைத்த மரியாதையை நினைத்து வாயடைத்திருந்தார்கள்.

இவர்களில் ஒருவரும் வேலைக்கு வருவதில்லை. எல்லாரும் சும்மா உதவிக்கு வருகிறார்கள். பரம்பரைக் காணியும் கனடாப் பிள்ளைகளும் உள்ள வீட்டுப் பெண்கள் இன்னொரு வீட்டுக்குக் கூலிக்குப் போவார்களா? ஆகவே வெயில் ஏறி ஓலை முறுக முன்னம், விடியக் காலையில் உதவிக்கு வருவார்கள். பின்னேரம் உதவி முடித்துப் போவார்கள். ஒரு நாள் உதவிக்கு வர ஏலாதென்றால் முதல் நாளே லீவு கேட்பார்கள்.

சம்பளத்தையும் வெறுங்கையில் வாங்க ஏலாது. கோசலா ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன ஓலைப்பெட்டியின் அடியில் காசை மடித்து வைத்து, அதன்மேல் இரண்டு கதலி வாழைப்பழம் வைத்து மூடிக் கொடுப்பாள். றோட்டில் பார்ப்பவர்களுக்கு அது கோயில் பிரசாதம். வாங்குபவர்களும் "ஐயோ, உதெல்லாம் என்னத்துக்கு" என்று சொல்லித்தான் வாங்குவார்கள். வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்து ஏதும் குறைந்திருந்தால், அடுத்த நாள் வந்து "அந்தப் பழத்தில ஒண்டு அழுகல், கோசலா" என்பார்கள். கோசலா உடனே கணக்கைத் திருப்பிப் பார்ப்பாள். கையெழுத்து வாங்கினால் என்ன என்று அவள் ஒருமுறை வாய் தவறிக் கேட்டாள். அவர்களில் மூத்தவளான செல்லாச்சி ஒரு கிழமை உதவிக்கு வரவில்லை.

கோசலாவின் புருசன் நிரோஜன் தெற்கே கடைக்குப் போனவன். இந்தத் தீவு ஆட்களில் பலர் போன வழிதான். மாத்தறையில் தாய்மாமன் பரராசசிங்கத்தின் பலசரக்குக் கடை. பொங்கலுக்கும் சித்திரைக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்து முகம் காட்டிவிட்டுப் போவான். ஒவ்வொரு முறையும் வீட்டு நாய் அவனைப் படலையிலேயே மறித்துக் குரைக்கும். கோசலா வந்து "சீ, அது எங்கட ஆள்" என்று சொன்ன பிறகுதான் உள்ளே விடும். இந்த முறை ஆனி மாதம் வந்தவன், நாரி பிடித்துவிட்டது, இடுப்பு நிமிராது என்று நின்றுவிட்டான். நாரி சுகமாகிக் கனநாள். இப்போது ஆவணி. நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது. மாமன் தொடங்கியிருந்தார்.

"மருமோன், திங்கக்கிழமை கடை திறக்கேக்க நீர் இஞ்ச நிக்கவேணும்" என்று வியாழக்கிழமை போனில் சொன்னார். "இல்லாட்டிச் சொல்லும், நான் வேற ஆள் பாக்கிறன். நாரி நாரியெண்டு எத்தினை நாளைக்கு? ஒரு மனுசனுக்கு எத்தினை நாரி இருக்கு?"

நிரோஜனுக்கு இருந்தது ஒன்றுதான். அதை வளைத்துக்கொண்டு அவன் கொட்டிலின் பின்பக்கம் இருந்து பனைமட்டையைப் பிளந்து, தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, நார் உரித்துக்கொண்டிருந்தான். அதுதான் இரண்டு மாதமாக அவன் செய்கிற வேலை. ஊரில் ஆரும் கேட்டால், லீவில் நிற்பதாகச் சொல்வான்.

"மாமா என்னவாம்?" என்று கோசலா கேட்டாள்.

"திங்கக்கிழமையாம்."

கோசலா கையிலிருந்த சார்வோலைக் குருத்தை ஊசியால் மெல்லிய கீற்றாக வார்ந்தாள். சோளகக் காற்று கொட்டிலின் கிடுகுக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"நாளைக்கு அந்தப் பிள்ளை வந்து பாத்து ஓமெண்டு எழுதினால் நில்லுங்கோ" என்றாள். "பேந்து கொட்டிலை நீட்டவேணும். சாமான் ஏத்தி இறக்க, கொழும்போட கதைக்க ஒரு ஆள் வேணும். எழுதாட்டி, மாத்தறைக்குப் போங்கோ. வேற என்ன செய்யிறது? நானும் நீங்களும் வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டுச் சீவிக்க ஏலாதே."

"நிக்கத்தான் எனக்கும் விருப்பம்."

"எனக்கு விருப்பமில்லை எண்டு ஆர் சொன்னது?" என்றாள் கோசலா, ஓலையைப் பார்த்தபடி. பன்னிரண்டு வருசக் குடித்தனத்தில் அவள் சொன்ன காதல் வசனங்களில் இதுதான் நீளமானது. நிரோஜன் அதற்குப் பிறகு நாரைக் கொஞ்சம் மெல்லியதாகவே உரித்தான்.

நாளைக்கு வருகிற பிள்ளை லக்சிகா. கொழும்பில் ஒரு ஏற்றுமதிக் கொம்பனியில் வேலை. அந்தக் கொம்பனியிடம் சாமான் வாங்குவது ஒல்லாந்தில் ஒரு கடை. ஒல்லாந்தர் முந்தி ஒருக்கால் வந்து, கேட்காமலே கோட்டை கட்டி, தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களையும் வைத்துவிட்டுப் போனவர்கள். இந்த முறை திருந்திவிட்டார்கள். சாமான் செய்கிற தொழிலாளிக்கு நியாயமான சம்பளமும் லீவும் கிடைக்கிறதா என்று ஆள் விட்டு விசாரித்து, அப்படியென்றால்தான் தங்கள் ஊத்தை உடுப்பை அந்தப் பெட்டிக்குள் போடுவார்களாம்.

இதற்கு ஆயத்தமாக முறைப்பாட்டுப் பெட்டி ஒன்றும் வைக்கவேண்டும் என்று கொழும்பிலிருந்து சொல்லியிருந்தார்கள். கோசலா சிவப்பும் மஞ்சளும் கலந்து, மேலே வாய் வைத்து, ஒன்று இழைத்துத் தூணில் கொழுவினாள். கொட்டிலில் அதைவிட வடிவான சாமான் இல்லை. செல்லாச்சி அதற்குள் வெற்றிலையும் பாக்குவெட்டியும் வைத்திருந்தாள்.

"சின்னம்மா, நாளைக்கு மட்டும் உதை எடுங்கோ" என்றாள் கோசலா.

"எடுத்திட்டு எங்க வைக்கிறது? எனக்குத்தான் முறைப்பாடு ஒண்டும் இல்லையே."

"அந்தப் பிள்ளை கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கோ. அது போதும்."

"நான் எப்பவடி இல்லாததைச் சொன்னனான்?"

கோசலா நிம்மதியாகப் போய்ப் படுத்தாள். செல்லாச்சியைத் தெரிந்தவள் அப்படிப் படுத்திருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை கொட்டிலைப் பார்த்த நிரோஜனுக்கு ஏதோ கலியாண வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல இருந்தது. கூட்டிக் கழுவி, ஒரு ஓலைத் துண்டுகூட நிலத்தில் இல்லை. நார்க் கட்டுகள், சாயப் பானைகள், பாதி இழைத்த பெட்டிகள் எல்லாம் பின்னால் மாட்டுக் கொட்டிலுக்குப் போயிருந்தன. பெண்கள் எல்லாரும் நல்லூர்த் தேருக்குக் கட்டுகிற சீலையில் வந்திருந்தார்கள். செல்லாச்சி இரட்டைப் பட்டுச் சங்கிலி போட்டிருந்தாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் இளையவளான ஜெயந்தா, மகளின் காப்புகளையும் சேர்த்துப் போட்டிருந்தாள். எல்லாரிலும் இளையவள் வினோஜா தலை நிறைய மல்லிகைப் பூவோடு நின்றாள்.

"ஆரும் வேலை செய்யேல்லையோ?" என்று கேட்டான் நிரோஜன்.

"வீடு தேடி ஒரு பிள்ளை வருது, அதுக்கு முன்னால ஓலையோட குந்திக்கொண்டு இருக்கிறதே?" என்றாள் ஜெயந்தா. "உங்களுக்கு மாத்தறையில உதுதானோ பழக்கினவை?"

குசினியில் வெள்ளிக்கிழமைச் சமையல் நடந்தது. குத்தரிசிச் சோறு, முருங்கைக்காய்க் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பயித்தங்காய்ப் பிரட்டல், வடை. பனங்காய்ப் பணியாரம் தனியாக ஒரு தாச்சியில் பொரிந்துகொண்டிருந்தது. வளவு முழுக்கப் பனம்பழ வாசம்.

லக்சிகா வந்த ஓட்டோவைப் பார்த்து நாய் குரைத்தது. நிரோஜன் போய் "சீ, அது எங்கட ஆள்" என்று சொன்னான். சொன்னபோது அவனுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது. அறிமுகம் செய்கிற இடத்துக்குத் தான் உயர்ந்துவிட்டதை நாயும் கவனித்திருக்கும்.

லக்சிகாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கண்ணாடி, சப்பாத்து, கையில் ஒரு பெரிய போன். அவளை விறாந்தையில் இருந்த சோபாவில் இருத்தினார்கள். நிரோஜனின் தமையன் சுவிசிலிருந்து அனுப்பிய காசில் வாங்கியது. ஊத்தை படாமல் இருக்க அதன் பொலித்தீனை இன்னும் கழற்றவில்லை. ஆவணி வெயிலில் லக்சிகா அதில் ஒட்டினாள். அசைந்தபோதெல்லாம் பொலித்தீன் சத்தம் போட்டது.

"நீங்க செய்ற முக்காலி ஒண்ணையும் காணோமே?"

"அது பின்னால கிடக்கு, பிள்ளை" என்றாள் செல்லாச்சி. "விக்கிற சாமானில விருந்தாளியை இருத்துறதே?"

பணியாரத் தட்டு வந்தது. லக்சிகா கையைக் கூப்பினாள். "தப்பா நினைக்காதீங்க. பார்க்க வர்ற இடத்தில நாங்க எதுவும் சாப்பிடக் கூடாது. அது ரூல்."

நீட்டிய தட்டு அப்படியே நின்றது. வந்த வீட்டில் கைநனைக்காமல் போவது சண்டைக்காரர் செய்கிற வேலை.

"தண்ணி குடிக்கலாமோ?" என்று கோசலா மெல்லக் கேட்டாள்.

"தண்ணி குடிக்கலாம்."

பவுசர் வண்டியில் வருகிற தண்ணீரில் இரண்டு செம்பு வந்தது. கிணறு உவர்.

பிறகு லக்சிகா ஒவ்வொருவரோடும் தனியாகக் கதைக்கவேண்டும் என்றாள். முதலாளி பக்கத்தில் நிற்கக் கூடாதாம். முதலாளி என்ற சொல்லைக் கேட்டுக் கோசலா திரும்பிப் பின்னால் பார்த்தாள். ஒருவரும் இல்லை. தன்னைத்தான் என்று விளங்கியதும் வெட்கப்பட்டுக் குசினிக்குள் போனாள். முருங்கை மர நிழலில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை போட்டார்கள். பக்கத்தில் கிணற்றடியில் நிரோஜன் செம்பு கழுவிக்கொண்டிருந்தான். ஒரே செம்பை அவன் கனநேரம் கழுவினான்.

முதலில் செல்லாச்சி.

"இங்க எவ்வளவு காலமா வேலை செய்றீங்க, அம்மா?"

"வேலையோ? நானோ?" செல்லாச்சி சங்கிலியை வெளியே எடுத்து விட்டாள். "பிள்ளை, எனக்கு ரெண்டு பெடியள் கனடாவில. மூத்தவன் வீடு வாங்கிட்டான். நான் வேலைக்குப் போறதே? சும்மா ஒரு உதவிக்கு வாறனான்."

"ஒவ்வொரு நாளும் வர்றீங்களா?"

"ஓம், ஒவ்வொரு நாளும். விடிய வந்தால் பின்னேரம் போவன்."

"அதுக்குச் சம்பளம் தர்றாங்களா?"

"கோசலா என்ர ஒண்டுவிட்ட தமக்கையின்ர மகள். அவளிட்டக் கூலி வாங்கினால் ஊர் என்ன சொல்லும்?"

"அப்போ ஒண்ணும் தர்றதில்லையா?"

செல்லாச்சி யோசித்தாள். பொய் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. "வாழைப்பழம் தாறவள்" என்றாள்.

லக்சிகாவின் விரல் போனுக்கு மேலே நின்றது. பிறகு மெதுவாக எதையோ தட்டியது.

அடுத்தது ஜெயந்தா. சம்பளம் என்று ஒன்றுமில்லை, கோசலாக்கா ஏதோ பார்த்துச் செய்வா என்றாள். என்ன செய்வா என்று கேட்டதற்கு, "பழம்" என்றாள்.

பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். கடைசியில் வந்த வினோஜா கதிரையின் நுனியில் இருந்தாள். "அக்கா, என்ர பேரைப் போடாதேங்கோ."

"ஏன், யாரும் ஏதும் சொல்வாங்களா?"

"வெளியில தெரிஞ்சால் கரைச்சல்."

"யாருக்குப் பயப்படுறீங்க?"

வினோஜா குனிந்துகொண்டாள். பிரான்ஸ் மாப்பிள்ளை ஒருவரின் வீட்டாரோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெட்டை ஓலை வேலைக்குப் போகிறாள் என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. ஆனால் அதைச் சொன்னால் பேச்சு நடப்பது தெரிந்துவிடும். ஆகவே ஒன்றும் சொல்லாமல் கண்ணை மட்டும் துடைத்தாள். லக்சிகா குனிந்து அவள் கையைப் பார்த்தாள். விரலெல்லாம் பச்சை.

"இது என்ன, அடிச்சாங்களா?"

"இல்லை அக்கா, சாயம்."

லக்சிகா அதை நம்பவில்லை என்பது கிணற்றடிவரை தெரிந்தது. செம்பு நிரோஜனின் கையிலிருந்து வழுக்கிக் கல்லில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களும் இங்க வேலை செய்றவரா?"

சொல்லவேண்டிய நேரம் அதுதான். நிரோஜன் வாயைத் திறந்தான். முருங்கையடியில் வினோஜா, முற்றத்தில் செல்லாச்சி, ஜெயந்தா எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டின மனுசிக்குக் கீழே நார் உரிக்கிறவன் என்று ஒரு கண்ணாடி போட்ட பெட்டைக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

"நான் மாத்தறையில மனேஜர்" என்றான். "லீவில வந்து நிக்கிறன்."

லக்சிகா விறாந்தைக்குப் போய்க் கோசலாவைக் கூப்பிட்டாள். அவள் குரல் மாறியிருந்தது.

"அக்கா, உங்களைப் பார்த்தா நல்லவங்க மாதிரி இருக்கு. ஆனா இங்க யாருக்குமே சம்பளம் இல்லை. நாள் முழுக்க வேலை வாங்கிட்டு வாழைப்பழம் குடுக்கிறீங்க. அந்தச் சின்னப் பிள்ளை பேர் சொல்லவே பயப்படுது. இதை நான் எப்படி எழுதுறது?"

கோசலா அவளைப் பார்த்தாள். பிறகு முற்றத்தில் நின்ற பெண்களைப் பார்த்தாள். அவர்கள் முருங்கை மரத்தைப் பார்த்தார்கள். நிரோஜன் நினைத்தான், இப்போது பெட்டியும் பழமும் அடியில் இருக்கிற காசும் எல்லாம் வெளியே வரப்போகிறது என்று. வரவில்லை. சின்னம்மா பொய் சொல்லிவிட்டா என்று வெளியாளுக்கு முன்னால் சொல்கிற ஆள் இல்லை கோசலா.

"நீங்கள் கேட்டதை எழுதுங்கோ, பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. சமையல் எப்போதோ முடிந்திருந்தது.

நிரோஜன் முற்றத்துப் பெண்களிடம் ஓடினான். "என்ன செய்துபோட்டீங்கள்? உள்ளதைச் சொன்னால் என்ன?"

"உள்ளதைத்தானே சொன்னனான்" என்றாள் செல்லாச்சி. "வாழைப்பழம் தாறவள்தானே?"

"கீழ கிடக்கிறது?"

"கீழ கிடக்கிறதை அந்தப் பிள்ளை கேக்கேல்லை."

"கொட்டிலைப் பூட்டினால் உங்களுக்கும்தானே இல்லாமல் போகும்?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பக்கத்தை அவர்கள் யோசித்திருக்கவில்லை. ஆனால் செல்லாச்சி விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

"எங்களைக் கேக்கிறீர், தம்பி. நீர் என்ன சொன்னனீர்? மனேஜராம். நேற்று முழுக்க மட்டைத் தொட்டிக்குள்ள கிடந்து ஊறினது எந்த மனேஜர்?"

வினோஜா கண்ணீருக்கிடையில் சிரித்துவிட்டாள். நிரோஜனுக்குக் காது சுட்டது. ஓட்டோக்காரன் வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். லக்சிகா சோபாவிலிருந்து எழும்பினாள். பொலித்தீன் அவளை விட மனமில்லாமல் நீளமாக ஒரு சத்தம் போட்டது. திங்கட்கிழமை, மாத்தறை, பருப்பு மூட்டை எல்லாம் நிரோஜனின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அடுத்த முறை வரும்போது நாய் திரும்பவும் குரைக்கும்.

அவன் விறாந்தைக்குப் போய் இரண்டு கையையும் லக்சிகாவுக்கு முன்னால் விரித்துக் காட்டினான். உள்ளங்கை முழுக்க நார் வெட்டின கோடுகள்.

"தங்கச்சி, நான் மனேஜர் இல்லை. மாமான்ர கடையில மூட்டை தூக்கிறனான். இஞ்ச ரெண்டு மாசமா நார் உரிக்கிறன். கோசலாதான் எனக்கு வேலை தந்தவ. இவையளுக்கெல்லாம் சம்பளம் குடுக்கிறவ. எனக்கு மட்டும்தான் இன்னும் ஒண்டும் தரேல்லை. எழுதுங்கோ."

தேங்காய் துருவல் நின்றது. கோசலா கையில் பாதி மூடியோடு வாசலில் நின்றாள்.

"உங்களுக்குச் சம்பளமோ?"

"பின்னை? நார் தானாய் உரிஞ்சு வந்ததோ?"

"தின்னுற சோறு?"

"சோறு மாத்தறையிலயும் தந்தவர். அதுக்கு மேல சம்பளமும் தந்தவர்."

கோசலா அவனையும் கையிலிருந்த தேங்காய் மூடியையும் மாறி மாறிப் பார்த்தாள். கணக்கில் அவன் பக்கம் நியாயம் இருந்தது. "சரி" என்றாள். "உரிச்ச கட்டுக்குப் பாத்துத் தாறன்."

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் கவிழ்ந்தது. முற்றத்திலிருந்து செல்லாச்சி சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"மெய்யே கோசலா, மனுசனுக்குச் சம்பளம் குடுக்கப் போறியோ? அப்ப நயினாதீவுத் தேருக்குப் போன நாளுக்கு எனக்கு ஏன் வெட்டினனீ?"

லக்சிகா திரும்பினாள். "எதை வெட்டினாங்க, அம்மா?"

"ஒரு நாள் சம்பளத்தை, பிள்ளை. அம்மாளின்ர தேருக்கு லோஞ்சில போட்டு வந்ததுக்கு. களவெடுக்கவே போனனான்?"

"நான் தேர் நாளுக்கு எல்லாருக்கும்தானே வெட்டினனான், சின்னம்மா" என்றாள் கோசலா. "நானும் போனனான். என்ர சம்பளத்தையும் வெட்டினனான்."

"உனக்கு ஆர் சம்பளம் தாறது?"

"நான்தான்."

"அப்ப உன்ர கையால உனக்கு வெட்டி உன்ர கையிலயே வைச்சிருக்கிறாய். எங்களுக்கு அப்படியோ?"

இதற்குள் ஜெயந்தா வந்துவிட்டாள். "கோசலாக்கா, நீங்கள் குறை நினைக்கக் கூடாது. விளக்குக் கூட்டுக்கு விளிம்பு மடிச்சு வாய் பொத்துறதுக்கும் அந்தப் பெரிய உடுப்புப் பெட்டிக்கு வாய் பொத்துறதுக்கும் ஒரே காசு தாறீங்கள். பெட்டியின்ர வாயைச் சுத்தி வர எனக்குப் பாதி நாள் போகுது. போன மாசமே பழம் அழுகல் எண்டு சொன்னனான்."

"நீ ஒரு பழமெண்டு சொன்னாய். நான் ஒரு பழத்துக்குக் கூட்டித் தந்தனான்."

"ரெண்டும் அழுகல் எண்டு எப்படியக்கா முகத்துக்கு நேர சொல்லுறது?"

வினோஜா பச்சைக் கைகளை நீட்டினாள். "நான் கையுறை கேட்டு எத்தினை நாள்? பிரான்சில இருந்து வீடியோவில கதைக்கேக்க கையை மடிக்குள்ள ஒளிச்சு வைக்கவேண்டிக் கிடக்கு. பெட்டைக்குக் கை இல்லையோ எண்டு அவையள் கேக்கினமாம்."

"ஆரடி பிரான்சில?" என்றாள் செல்லாச்சி.

வினோஜா வாயைப் பொத்தினாள். பேச்சு வெளியே வந்துவிட்டது. ஆனால் யாருக்கும் அதற்கு இப்போது நேரமில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். சம்பளம் வாங்குகிறோம் என்று சொல்லத்தான் அவர்களுக்கு வெட்கமாக இருந்தது. குறைய வாங்குகிறோம் என்று சொல்ல ஒருவருக்கும் வெட்கம் இல்லை. லக்சிகா விறாந்தைப் படியில் இருந்து, இரண்டு கைப் பெருவிரலாலும் தட்டிக்கொண்டே போனாள். இடையில் ஆரோ மாட்டுக் கொட்டிலிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து அவளுக்குக் கீழே தள்ளினார்கள். அவள் கவனிக்காமலே அதில் ஏறி இருந்துவிட்டாள்.

"உங்களுக்குப் பிரச்சினை இருந்தா இந்த முறைப்பாட்டுப் பெட்டியில எழுதிப் போடலாமே?" என்று ஒரு இடைவெளியில் கேட்டாள்.

"பெட்டிக்குள்ள போட்டால் அவளுக்குக் கேக்காதே, பிள்ளை" என்றாள் செல்லாச்சி.

கடைசியில் கோசலா தேங்காய் மூடியை நிலத்தில் வைத்தாள். தேர் நாளுக்கு இனி வெட்டுவதில்லை. பெரிய பெட்டியின் வாய்க்கு வேறு காசு. திங்கட்கிழமை யாழ்ப்பாணத்தில் கையுறை வாங்குவது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கியது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது. ஒரு நாளும் முதலாளி என்று நினைத்திராதவள், அந்தப் பத்து நிமிசத்தில் முதலாளியாகி, அதன் நட்டத்தையும் கண்டுவிட்டாள்.

"அக்கா" என்றாள் லக்சிகா. "நான் எத்தனையோ இடத்துக்குப் போறேன். முதலாளிக்கு முன்னால வாய் திறக்கிற ஒரு ஆளைப் பார்க்க மாட்டேன். சொல்லிக் குடுத்ததை ஒப்பிப்பாங்க. இங்கதான் முதலாளிக்கு வாய் திறக்க விடல்லை. நான் ஓமெண்டே எழுதுறேன். ஒண்ணு மட்டும். சம்பளம் வாங்கினதுக்குக் கையெழுத்து வேணும்."

செல்லாச்சி சங்கிலியை உள்ளே போட்டாள்.

"சம்பளத்துக்குக் கையெழுத்து வைக்க ஏலாது" என்றாள். "வாழைப்பழத்துக்கு எண்டால் வைக்கலாம்."

லக்சிகா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சரி. பழம் கிடைச்சதுக்கு நீங்க கையெழுத்து வைங்க. பழத்துக்குக் கீழ எவ்வளவு எண்டு பக்கத்தில அக்கா எழுதட்டும்."

அதில் ஒருவருக்கும் மானக்குறைவு தெரியவில்லை.

"பிள்ளை இன்னும் சாப்பிடேல்லை" என்று ஜெயந்தா நினைவுபடுத்தினாள்.

லக்சிகா போனைப் பார்த்தாள். "வேலை செய்றவங்களுக்கு மதியச் சாப்பாடும் இங்கதானே குடுக்கிறீங்க? அது தரமா இருக்கா எண்டு நான் பார்க்கணும். அது ரூல்."

அவள் முருங்கைக்காய்க் குழம்பை இரண்டு தரம் பரிசோதித்தாள். பணியாரத்தை எத்தனை தரம் என்று எவரும் எண்ணவில்லை. போகும்போது முறைப்பாட்டுப் பெட்டியையும் மாதிரிக்கு வேண்டுமென்று கழற்றித் தரச் சொன்னாள். ஒல்லாந்துக் கடைக்காரருக்கு அது பிடிக்கும் என்றாள்.

"அங்கயும் அவ்வளவு முறைப்பாடோ?" என்று கேட்டுக்கொண்டே செல்லாச்சி வெற்றிலையை மடியில் கட்டினாள்.

பொழுதுபடும் நேரம் காற்றுத் தணிந்தது. பெண்கள் பட்டுச் சீலையோடு நிலத்தில் இருந்து, மாட்டுக் கொட்டிலிலிருந்து சாமான்களைத் திருப்பி எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அரைநாள் உதவி தவறிவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். அரைநாள் வெட்டுவாளோ என்று இன்னொருத்தி கேட்டாள். கோசலா காது கேட்காதவள்போல இருந்தாள். நாய் தொட்டியடியில் நிரோஜனின் காலில் தலையை வைத்துப் படுத்திருந்தது.

போன் அடித்தது. மாமா.

"என்ன மருமோன், திங்கக்கிழமை வாறீரோ?"

"இல்லை மாமா. வரேல்லை. நீங்கள் வேற ஆளைப் போடுங்கோ."

"ஏன்?"

"இஞ்ச நிக்கப் போறன்."

"ஊரில நிண்டு என்ன செய்யப் போறீர்?"

நிரோஜன் தொண்டையைச் செருமினான். "கோசலா ஒல்லாந்துக்குச் சாமான் அனுப்புறா மாமா. ஓடர் வந்திருக்கு. அதைப் பாக்க ஒரு ஆள் வேணும்."

"அப்ப நீர் மனுசிக்குக் கீழ சம்பளத்துக்கு நிக்கிறீர்?"

கொட்டிலில் சாமான் அடுக்குகிற சத்தம் நின்றுவிட்டது. கோசலா ஒரு முக்காலியைக் கையில் பிடித்தபடி அவனைப் பார்த்தாள். செல்லாச்சி வெற்றிலையை மெல்லாமல் வைத்திருந்தாள். கொழும்புக்குப் போகிற வழியில், பண்ணைப் பாலத்துக்கு அங்கால் எங்கேயோ, லக்சிகாவின் போனில் அவன் பெயருக்கு நேரே தொழிலாளி என்று எழுதியிருந்தது.

"சீச்சீ" என்றான் நிரோஜன். "அப்படி ஒண்டுமில்லை மாமா. சும்மா ஒரு உதவிக்கு."

கொட்டில் முழுக்கச் சிரித்தது. மாமாவுக்கும் கேட்டிருக்கவேண்டும். கோசலா மட்டும் சிரிக்கவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு ஒரு கட்டு மட்டையைத் தூக்கி வந்து அவனுக்கு முன்னால் போட்டாள்.

"உதவிக்காரர்" என்றாள். "போனை வைச்சிட்டு இதைத் தொட்டிக்குள்ள போடுங்கோ. மாசக் கடைசியில பழம் வாங்கக் கடைக்குப் போகேக்க, இனி உங்களுக்கும் ரெண்டு சேர்த்து வாங்குங்கோ."